நன்றி கூறலும் நன்றி அறிதலும்

நமது நாட்டிலே நடைபெறும் தமிழ் இலக்கியக் கூட்டங்கள் அனைத்திலும் இறுதியாக நிகழ்வது நன்றியுரை. கோலாலம்பூரிலாயினும் கிள்ளானிலாயினும் நிகழ்ச்சி நிரலின் கடைசி வரி அதுவே. அது தொடங்குமுன் முன்வரிசைக் கனவான்கள் எழுந்து போய்விடுகின்றனர். பின்வரிசையார் சிற்றுண்டி மேசையை நோக்கி நடக்கின்றனர். நாற்காலிகளை அடுக்கும் ஓசைக்கிடையே ஓர் இளைஞர் தாளைப் பார்த்துப் பெயர்களைப் படித்து முடிக்கிறார். நாற்காலி போட்டவர், தேநீர் காய்ச்சியவர், அழைப்பிதழ் கொண்டுபோய்க் கொடுத்தவர் ஆகியோரின் பெயர்கள் அவை.

அதே கூட்டத்தின் தொடக்கத்திலும் ஒரு நன்றி உண்டு. தலைமை தாங்க வந்த பிரமுகருக்குப் பொன்னாடை போர்த்தி, மாலையிட்டு, கண்ணாடிச் சட்டமிட்ட வாழ்த்துப்பா ஒன்றை உரத்த குரலிற் படித்துக் கையில் கொடுக்கிறோம். அதிலே அவர் மழையாகவும் மலையாகவும், கற்பகத் தருவாகவும் கலங்கரை விளக்காகவும் காட்சியளிக்கிறார். ஆக, ஒரே மண்டபத்தில் நன்றி இருவகையாக நிற்கின்றது. பணமும் பதவியும் உடையார் முன் அது பாட்டாக நிற்கின்றது. உழைத்தவர் திறத்தில் பெயர்ப் பட்டியலாகக் கிடக்கின்றது. இவ்வேற்றுமை கூட்டம் நடத்துவோரின் குற்றமன்று. நம் எழுத்திலே நெடுங்காலமாகப் பதிந்துவிட்ட ஒரு பழக்கத்தின் நிழலேயாகும். அப்பழக்கத்தை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நன்றியை எழுத்தால் செலுத்தலாமா என்று கேட்டால், செலுத்தலாம், செலுத்தவும் வேண்டும் என்பதே நமது அபிப்பிராயம். ஆனால் நன்றி என்பது யாது என்பதை முதலில் தெளிதல் வேண்டும். திருக்குறளின் பதினோராம் அதிகாரத்தின் பெயர் செய்ந்நன்றி கூறல் என்பதன்று; செய்ந்நன்றி அறிதல் என்பதே. அதிலுள்ள பத்துக் குறள்களையும் நிதானமாகப் படித்துப் பாருங்கள். உதவி எந்தக் காலத்தில் செய்யப்பட்டது? கைம்மாறு கருதிச் செய்யப்பட்டதா, கருதாமலா? அளவால் சிறிதாயினும் பயனால் எவ்வளவு பெரிது? அதைப் பெற்றவனின் தகுதி யாது? இவ்வாறு ஒரு செயலைப் பல பக்கங்களிலும் திருப்பி நோக்கும் ஆராய்ச்சியாகவே அவ்வதிகாரம் அமைந்திருக்கின்றது. நன்றி கூறுவதற்கு நாக்கு ஒன்றே போதும். நன்றி அறிவதற்கோ செய்தவரையும் செயலையும் ஊன்றிக் கற்க வேண்டும். நன்றியை வெளியிடும் எழுத்தை எடைபோட வேண்டிய படிக்கல்லும் இதுவே: அவ்வெழுத்து எவ்வளவு புகழ்கிறது என்று பாராமல், எவ்வளவு அறிந்திருக்கிறது என்று பார்த்தல் வேண்டும்.

இதற்கு எளிய சோதனை ஒன்றுண்டு. ஒரு வாழ்த்துப்பாவை எடுத்து, அதிலுள்ள பெயரை நீக்கிவிட்டு, ஓசையில் ஒத்த வேறொரு பெயரை அவ்விடத்தில் வைத்துப் பாருங்கள். பாட்டு சிறிதும் சிதையாமல் நின்றால், அது யாருக்கும் உரியதன்று. அதிலே வாழ்த்து இருக்கலாம், நன்றி இல்லை. சென்ற ஆண்டுத் தலைவருக்குப் பாடியதை இவ்வாண்டுத் தலைவருக்கு மாற்றிக் கொடுக்கக் கூடுமாயின், அது தைத்து வைத்த சட்டை போன்றது. வாங்குகிறவர் உடலளவு அதற்குத் தெரியாது.

பழைய புலவர்கள் மட்டும் வள்ளல்களைப் பாடவில்லையா என்று அன்பர்கள் கேட்கக் கூடும். பாடினார்கள். அவர்களையும் இதே சோதனைக்கு உட்படுத்துவோம். புறநானூற்றின் 91-ஆம் பாட்டிலே ஔவையார் அதியமானை வாழ்த்துகிறார். பெரிய மலைப் பிளவிலே, ஏறுதற்கரிய இடத்திலே விளைந்த நெல்லிக்கனி. அதை உண்டால் விளையும் பயனைத் தன் மனத்துள்ளே அடக்கிக்கொண்டு, தான் உண்ணாது, புலவர் சாவாதிருக்கும்படி அவன் அதனைக் கொடுத்துவிட்டான். இச்செய்தி முழுவதும் அப்பாட்டில் இருக்கின்றது. அதியமான் பெயரை எடுத்துவிட்டு வேறொரு மன்னனை அங்கே நிறுத்த முடியுமா? முடியாது. ஏனெனில் அக்கனியை வேறெவரும் கொடுக்கவில்லை. அவன் வாய்திறந்து சொல்லாததைக்கூட அவர் அறிந்து சொல்லுகிறார். அதுவே நன்றியின் உச்சம்.

கம்பரும் அவ்வாறே. தம்மை ஆதரித்த திருவெண்ணெய்நல்லூர்ச் சடையப்பரை அவர் ஆயிரம் பாட்டுக்கு ஒருமுறை நினைத்தாரென்று வழங்கும் கதை கிடக்கட்டும். முடிசூட்டு விழாவில் அரசனுடைய மகுடம் கைமாறும் வேளையிலே, அம்மகுடத்தை எடுத்துக் கொடுப்பவராகச் சடையப்பரின் முன்னோரை நிறுத்துகிறார். கொடுத்துக் கொடுத்துப் பழகிய கைகளை, கொடுக்கும் செயலிலேயே வைத்துக் காட்டுகிறார். ஏரைப் பிடித்தவன் மரபுக்கும் அரியணைக்கும் உள்ள தொடர்பு அங்கே ஒரு கணத்தில் விளங்குகின்றது. இது முகமன் அன்று, அறிவு.

நிற்க. நன்றியின் பெயரால் தமிழிலக்கியம் நமக்குக் காட்டும் மற்றொரு காட்சியும் உண்டு. அது செஞ்சோற்றுக் கடன். கர்ணன் துரியோதனனை விட்டு நீங்கவில்லை. கும்பகர்ணன் தமையனை விட்டு நீங்கவில்லை. தாம் நிற்கும் பக்கம் அறமன்று என்பதை இருவரும் அறிவர். அறிந்தும், உண்ட சோறு அவர்களைக் கட்டிப்போட்டது. அவர்களுக்காக நாம் கண்ணீர் விடுகிறோம், விடுவது தகும். ஆனால் அவர்களை வாழ்க்கைக்கு முன்மாதிரியாகக் கொள்ளும்போது, சோறு போட்டவன் செய்வதெல்லாம் சரியென்று தலையாட்டும் அடிமைத்தனம் நன்றியின் வேடம் பூண்டு வீட்டுக்குள் நுழைந்துவிடுகின்றது.

மலாயாத் தோட்டங்களில் அவ்வேடம் நன்றாகவே ஆடியது. கங்காணி ஊருக்கு வந்து முன்பணம் கொடுத்தான், கப்பலேற்றினான், லயத்திலே இடம் காட்டினான். இவையெல்லாம் உபகாரமென்றே ஏழைகளுக்குத் தோன்றின. முன்பணம் சம்பளத்திற் கழிந்ததும், வேலைக்கு வரும் ஒவ்வொரு தலைக்கும் கங்காணிக்குத் தலைக்காசு கிடைத்ததும் கணக்குப் புத்தகத்துக்கே தெரிந்த செய்திகள். ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் ஒழிந்தது. தொழிலாளரை உதவிப் பயணத்தில் மலாயாவுக்கு அனுப்புவதை இந்திய அரசாங்கம் 1938-இல் நிறுத்திற்று. ஆயினும் நம்மைக் கொண்டுவந்தவர், நமக்கு வேலை கொடுத்தவர் என்னும் பேச்சு அதற்குப் பின்னரும் பல்லாண்டுகள் நம் நாவில் நின்றது.

இதன் உண்மை வடிவத்தைக் காண வேண்டுமாயின் 1941-ஆம் ஆண்டுக்குச் செல்ல வேண்டும். அவ்வாண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் வேலை நிறுத்தம் செய்தனர். கிள்ளான் வட்டார இந்தியர் சங்கமும் அதன் தலைவர் ஆர். எச். நாதனும் அவர்கள் பக்கம் நின்றனர். சீனத் தொழிலாளருக்குச் சமமான கூலி, பிள்ளைகளுக்கு நல்ல கல்வி, கள்ளுக்கடைகளை மூடுதல் முதலிய கோரிக்கைகளோடு இன்னுமொரு கோரிக்கையும் இருந்தது. துரைமாரும் தோட்டத்து அதிகாரிகளும் எதிர்ப்படும்போது சைக்கிளை விட்டு இறங்காமல் ஓட்டிச் செல்லும் உரிமை வேண்டும் என்பது அது. நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார், பட்டாளம் வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர்.

சைக்கிளை விட்டு இறங்குதல் சிறு செயலே. ஆனால் அது நாள்தோறும் உடம்பால் எழுதுவிக்கப்பட்ட வாழ்த்துப்பா. உனக்குச் சோறிட்டவன் வருகிறான், இறங்கு என்பதே அதன் பொருள். அதனை எதிர்த்தவர்கள் நன்றி கெட்டவர்கள் அல்லர். கேட்டு வாங்கும் நன்றி நன்றியாகாது என்று அவர்கள் உலகுக்குச் சொன்னார்கள். இன்று சட்டமிட்ட வாழ்த்துப்பாவைக் கையிலேந்தி மேடையேறும் கவிஞர், தாம் சைக்கிளில் அமர்ந்திருக்கிறாரா அல்லது இறங்கி நிற்கிறாரா என்று ஒரு கணம் தம்மையே வினவிக்கொள்ளுதல் நலம்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது நம் வீடுகளில் வழங்கும் பழமொழி. நினைக்கத்தான் வேண்டும். ஆனால் உப்பிட்டவர் யார்? விடியுமுன் பெரட்டுக் களத்தில் நின்று பெயர் கொடுத்து, வெயில் ஏறினால் பால் இறுகிவிடுமென்று இருட்டிலேயே மரத்துக்கு மரம் ஓடி, காண்டா வாளியைத் தோளிற் சுமந்து கொட்டகைக்குக் கொண்டுவந்தவர் யாரோ, அவரே உப்பிட்டவர். அவர் உழைப்பிலே கப்பல்கள் நிரம்பின, நகரங்கள் எழுந்தன, நம்மிற் பலர் படித்து மேசை நாற்காலியில் அமர்ந்தோம். ஆகவே மலேசியத் தமிழிலக்கியத்தின் முதற்கடன் எப்பக்கம் நோக்கியிருக்க வேண்டுமென்பதை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

அக்கடனை நம் கவிஞர்கள் அடியோடு மறந்தனர் என்று கூறுவது அநீதி. ஆயிரக்கணக்கான தாய்ப் பாட்டுகள் நம்மிடையே உண்டு. ஞாயிற்றுக்கிழமைதோறும் நாளிதழ்களின் மலர்களில் அவை பூத்தவண்ணமிருக்கின்றன. அவற்றிற் பெரும்பாலனவற்றிலே அன்னை ஒரு தெய்வம், ஒரு தியாகச் சுடர், உருகும் மெழுகுவர்த்தி. தம் வீட்டிலே மண்ணெண்ணெய் விளக்கைத்தவிர வேறொன்றையும் காணாத கவிஞர்கூட மெழுகுவர்த்தியையே பாடுகிறார்! பெயர் மாற்றும் சோதனையை இங்கும் செய்து பாருங்கள். அவ்வன்னை எந்த ஊர் அன்னையாகவும் இருக்கலாம். யாருடைய அன்னையாகவும் இருக்கலாம். பிள்ளைக்கு அவள்மீது அன்புண்டு; அதில் ஐயமில்லை. ஆனால் அவளைப் பற்றிய அறிவு அப்பாட்டில் இல்லை.

அறிந்து பாடினால் எவ்வாறிருக்கும்? கைக்குழந்தையை இருளிலேயே ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு அவள் நிரைக்குப் போனாள். மரத்துப் பால் மங்கில் சொட்டும்போது அவள் மார்பின் பால் சேலையை நனைத்தது. மழை பெய்தால் வெட்டில்லை, வெட்டில்லையேல் கூலியில்லை; ஆதலால் ஊரார் மழையை வாழ்த்தும்போது அவள் வானத்தை அஞ்சிப் பார்த்தாள். வள்ளல்களை மழைக்கு ஒப்பிடும் நம் கவிஞர், தம் தாய் மழைக்கு அஞ்சியதை ஏன் எழுதவில்லை? அதை எழுதியிருந்தால் அப்பாட்டு உலகத்துத் தாய்மார் அனைவரின் பாட்டாகாது போயிருக்கும். ஆனால் ஒருத்திக்குச் செலுத்திய நன்றியாக நின்றிருக்கும். ஒருத்திக்கு உண்மையாக நின்ற பாட்டே பின்பு பலருக்கும் உரியதாகும்.

தோட்டத்து மக்கள் தாமே கட்டிய பாடல்கள் இவ்வகையில் நம் ஏட்டுக் கவிதையினும் மேலானவை. அவற்றிலே கித்தா மரம் இருக்கிறது. கங்காணியும் கிராணியும் இருக்கின்றனர். கப்பலேறிய நாளும் கள்ளுக்கடையும் இருக்கின்றன. இலக்கணப் பிழை இருக்கலாம், அறியாமை இல்லை.

அவ்வறிவு அழியாதபடி காப்பதும் ஒரு படைப்புத் தொழிலே. இதற்குக் கிள்ளானிலிருந்து ஒரு சான்று காட்டுவோம். ஆசிரியரும் கவிஞருமாகிய முரசு நெடுமாறன், 1887 முதல் 1987 வரை நூறாண்டுக் காலத்து மலேசியத் தமிழ்ப் பாடல்களைத் தேடித் திரட்டி, ‘மலேசியத் தமிழ்க் கவிதைக் களஞ்சியம்’ என்னும் பெருந்தொகுப்பை 1997-இல் வெளியிட்டார். தோட்டப் பாடல்களைத் தேடித் தொகுத்தோர் வரிசையிலும் அவருக்கு இடமுண்டு. 1887 என்பது யாழ்ப்பாணத்துச் சதாசிவ பண்டிதரின் சிங்கைநகர் அந்தாதி வெளிவந்த ஆண்டு. கோயிலையும் கடவுளையும் பாடித் தொடங்கிய நம் கவிதை, நூறாண்டில் எங்கே வந்து சேர்ந்ததென்பதை ஒரே நூலில் காணும் வாய்ப்பை அவர் நமக்கு அளித்தார்.

இத்தகைய தொகுப்பிலே எல்லாப் பாட்டும் ஒரு தரமாய் இருத்தல் இயலாது. பொறுக்கி எடுத்த நூறு பாட்டுகளே போதாவோ என்று கேட்கும் விமர்சகரும் இருப்பர். அவர்களுக்கு நமது விடை இதுவே. சிறந்ததை மட்டும் எடுப்பது சுவைஞன் வேலை. செய்தவர் எவரையும் விட்டுவிடாதிருக்க முயல்வது நன்றியறிபவன் வேலை. இரண்டும் வேண்டும். ஆனால் இரண்டாவது வேலையைக் காலத்தில் ஒருவர் செய்யாவிடின், முதல் வேலைக்கு மூலப்பொருளே இராது. நாளிதழ்த் தாள் நெடுநாள் நிற்பதன்று. 1924-இல் தோன்றிய தமிழ் நேசன் 2019-இல் நின்றுவிட்டது; ஒரு பத்திரிகை நிற்கும்போது, அதில் மட்டுமே அச்சேறிய சிறு கவிஞர்களின் நினைவும் கூடவே மங்கிப் போகின்றது. பழந்தாள்களினின்று அவர்களை மீட்டெடுப்பவர் வெறும் தொகுப்பாளரல்லர். அவர் சமூகத்தின் சார்பில் நன்றி செலுத்துபவர்.

இனி, நாம் நன்றி செலுத்த வேண்டியவர்களின் பெயர்கூட நமக்குத் தெரியாத நிலை ஒன்றுண்டு. ஜப்பானியர் 1942, 1943-ஆம் ஆண்டுகளில் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே ஏறக்குறைய 415 கிலோமீட்டர் நீள ரயில் பாதை போட்டபோது, நம் தோட்டங்களினின்று பல்லாயிரம் தமிழர் கொண்டு செல்லப்பட்டனர். அவர்களிற் பல்லாயிரவர் திரும்பவில்லை. காஞ்சனபுரியிலே நேசநாட்டுப் போர்க்கைதிகளுக்காக அமைந்த கல்லறைத் தோட்டத்தில் ஏறக்குறைய 7,000 கல்லறைகள் ஒழுங்காக நிற்கின்றன. பெயர் தெரிந்தவனுக்குப் பெயர் பொறித்த கல் அங்கே உண்டு. நம் மக்களுக்கு அவ்வாறு ஆளுக்கொரு கல் இல்லை.

கல் இல்லாத இடத்திலே எழுத்து வந்து நின்றது. ஆர். சண்முகம் ‘சயாம் மரண ரயில்’ என்னும் நாவலை 1993-இல் தந்தார். லங்காட் ஆற்றோரத்து வாழ்வை நாவலாக்கிய அ. ரெங்கசாமி, இதே துயரத்தைப் பொருளாகக்கொண்டு 2005-இல் வேறொரு நாவல் தந்தார். அதன் பெயரே ‘நினைவுச் சின்னம்’. அரசாங்கம் நாட்ட வேண்டியதை ஒரு நாவலாசிரியர் நாட்டினார் என்று அத்தலைப்பே நமக்குச் சொல்லுகின்றது. இவை நன்றி என்ற சொல்லைத் தலையில் தாங்கி வந்த நூல்களல்ல. ஆயினும் நாம் அறிந்த நன்றி நூல்களுள் இவை முன்வரிசையில் நிற்கத் தக்கவை. இறந்தவன் பொன்னாடை கேட்கமாட்டான். அவனைப் பாடுவதால் பரிசில் வாராது. அவன் பட்டதை அறிந்து சொல்வதொன்றே அவனுக்குச் செய்யும் கைம்மாறு.

அப்படியானால் உயிரோடிருக்கும் தலைவர்களையும் மறைந்த தலைவர்களையும் பாடவே கூடாதா? தாராளமாகப் பாடலாம். பிரிக்பீல்ட்ஸ் வழியே செல்லும் பெருவீதிக்குத் துன் சம்பந்தன் பெயர் சூட்டப்பட்டிருக்கின்றது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, தொழிலாளர் வேலையும் வீடும் இழந்து நின்ற காலத்தில், 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் அவர் தலைமையில் தோன்றியது. அச்சங்கம் தோட்டங்களை வாங்கியது எப்பணத்தால்? பால்மரம் வெட்டியோர் அரைவயிறும் கால்வயிறுமாக மிச்சம்பிடித்துக் கட்டிய பங்குப் பணத்தாலன்றோ? சம்பந்தனைக் கற்பகத் தருவென்று பாடுவோர் அவரையும் அறியார், அத்தொழிலாளரையும் அறியார். தோட்டம் தோட்டமாகச் சென்று அவர் கேட்டதையும், கேட்டவுடன் சேலை முடிச்சை அவிழ்த்த கிழவியையும் ஒரே பாட்டில் வைப்பவரே இருவருக்கும் நன்றி அறிந்தவராவார். வீதிக்கு ஒரு பெயர்தான் வைக்க முடியும். கவிதைக்கு அக்குறை இல்லை.

இவ்விடத்தில் ஓர் ஆட்சேபம் எழும். ஒருவர் கொலைக்கு நிகரான தீமை செய்தாலும், அவர் முன்பு செய்த ஒரு நன்மையை நினைத்த மாத்திரத்தில் அத்தீமை மறைந்துவிடுமென்று அதே அதிகாரம் கூறவில்லையா? அப்படியிருக்க, நன்றியோடு குறையையும் சேர்த்துப் பேசுவது தகுமா என்பர். இது கருத்தில் கொள்ளத்தக்க கேள்வியே. நமது விடை என்னவெனில், எனக்குச் செய்த தீமையை நான் மறக்கலாம். அது எனது பெருந்தன்மை. பிறனுக்குச் செய்த தீமையை அவன் சார்பில் நான் மறப்பதற்கு எனக்கு உரிமை ஏது? தோட்டத்துப் பள்ளிக்குக் கூரை போட்டுக் கொடுத்த துரையை நாம் நினைக்கலாம். அதற்காக அவர் எதிரே சைக்கிளினின்று இறங்கிய நம் பாட்டனின் அவமானத்தை அழித்தெழுதலாகாது. இரண்டும் அறிவே, இரண்டையும் அறிந்து சொல்லுவதே எழுத்தின் கடமை.

இனிச் செய்ய வேண்டுவது யாது? தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாக மாறிவிட்டன, லயங்கள் இடிந்தன. பெரட்டுக் களம் இருந்த இடத்தில் இன்று கார்கள் நிற்கின்றன. அங்கே வேலை செய்தவர்கள் முதியோராய் நம் வீடுகளில் சாய்வு நாற்காலியில் இருக்கின்றனர். ஒவ்வொருவர் மறையும்போதும், எழுதப்படாத ஒரு நூல் மறைகின்றது. ஆகவே பள்ளிப் பிள்ளைகளுக்கு நன்றி என்னும் தலைப்பில் கட்டுரை எழுதச் சொல்லும் ஆசிரியர்கள், தெய்வம், மெழுகுவர்த்தி, கலங்கரை விளக்கு ஆகிய மூன்றையும் விலக்கிவிட்டு, ஒருவர் செய்த ஒரு செயலை எழுதுமாறு பணிப்பார்களாக. அவர் பெயர், தோட்டத்தின் பெயர், ஆண்டு, அவர் கையிலிருந்த கருவி, அவர் செய்தது ஆகிய ஐந்தும் போதும். பாட்டியிடம் கேட்காமல் இதனை எழுத முடியாது. கேட்கும்போதே பாதி நன்றி செலுத்தியாகிவிடும்.

கவிஞர்களுக்கு நமது வேண்டுகோள், அடுத்த வாழ்த்துப்பாவை எழுதி முடித்தவுடன் பெயரை ஒருமுறை மாற்றிப் பாருங்கள் என்பதே. கூட்டம் நடத்துவோருக்கு நமது வேண்டுகோள் இன்னும் எளிது. ஒருமுறையேனும் நன்றியுரையை முதலில் வையுங்கள். நாற்காலி போட்டவரும் தேநீர் காய்ச்சியவரும் என்ன செய்தார்கள் என்பதை, மண்டபம் நிறைந்திருக்கும்போதே, அறிந்து கூறுங்கள். பிரமுகர் சற்றுக் காத்திருக்கட்டும். அவர் உண்மையாகவே பெரியவராயின், அதைக் கேட்டு மகிழ்வார்.